உடையவும் கூடாது, மக்கவும் வேண்டும்

2010-ஆம் ஆண்டு அமெரிக்கக் கடைகளில் சன்சிப்ஸ் என்ற நொறுக்குத்தீனி ஒரு புதுப் பையில் வந்து இறங்கியது. மக்காச்சோளத்திலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கில் செய்த பை; உரக்கிடங்கில் போட்டால் மக்கிவிடும். ஃப்ரிட்டோ-லே நிறுவனம் அதைப் பெரிய அளவில் விளம்பரப்படுத்தியது. வாங்கியவர்கள் கவனித்தது வேறு. தொட்டாலே பை சடசடவென்று கத்தியது. ஒருவர் ஒலிமானியை வைத்து அளந்து, 95 டெசிபல் என்று காணொளி போட்டார். நள்ளிரவில் யாருக்கும் தெரியாமல் ஒரு வாய் தின்ன முடியவில்லை என்று இணையத்தில் கேலி பரவியது. விற்பனை இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஒரே ஒரு சுவையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பழைய பையே திரும்பி வந்தது.

கேலி செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சத்தத்துக்குள் ஒரு பொருளறிவியல் பாடம் இருந்தது. அந்தப் பை பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனது, சுருக்கமாகப் பி.எல்.ஏ. அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அசைந்து கொடுக்க ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதற்குக் கீழே அவை கண்ணாடிபோல் விறைத்து நிற்கும். பாலித்தீனின் சங்கிலிகளோ, குளிர்பதனப் பெட்டியின் உறைபனித் தட்டில் வைத்தாலும் நெளியும். விறைப்பான தாளைக் கசக்கும்போது அது வளைந்து கொடுப்பதில்லை. ஒரு மடிப்பிலிருந்து இன்னொரு மடிப்புக்குத் திடீரெனத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலும் ஒரு 'டக்'. அதே விறைப்புதான், தடிமனான பி.எல்.ஏ. டம்ளரை அழுத்தினால் நசுங்காமல் சில்லாக உடைவதற்கும் காரணம்.

பி.எல்.ஏ. புதிய சரக்கு ஒன்றும் இல்லை. நைலானைக் கண்டுபிடித்த வாலஸ் கரோதர்ஸ், டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் 1932-லேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார். அப்போது கிடைத்தவை நீளம் குறைந்த சங்கிலிகள், எதற்கும் உதவவில்லை. மக்காச்சோள மாவைச் சர்க்கரையாக்கி, அதைப் பாக்டீரியாவைக் கொண்டு புளிக்கவைத்து, கிடைக்கும் லாக்டிக் அமிலத்தை நீண்ட சங்கிலியாகக் கோக்கும் பெரிய ஆலை, 2002-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளேர் என்ற ஊரில் ஓடத் தொடங்கியது. தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலம்தான். இன்று குளிர்பான டம்ளர், முப்பரிமாண அச்சுக்கான கம்பி, உடலுக்குள் தானே கரையும் தையல் நூல் என்று பல இடங்களில் இது இருக்கிறது. இருந்தும் பாலித்தீனை அசைக்க முடியவில்லை. விலை ஒரு காரணம். நொறுங்கிப்போகும் குணம் இன்னொன்று.

இங்கே ஒரு விநோதம். வலிமையை மட்டும் பார்த்தால் பி.எல்.ஏ.தான் ஜெயிக்கிறது. மெகாபாஸ்கல் என்ற அலகில் அதன் இழுவலிமை 50 முதல் 70 வரை. பைகள் செய்யும் அடர்த்தி குறைந்த ரகப் பாலித்தீனுக்கு இதில் நான்கில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். ஆனாலும் காய்கறி சுமக்கிற வேலையைப் பாலித்தீன்தான் செய்கிறது. ஏன் என்பதை ஆய்வுக்கூடத்தின் இழுவைச் சோதனைப் பொறிக்கு முன்னால் நின்று பார்த்தால் புரியும். நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஒரு சிறு பட்டையை இரண்டு தாடைகள் கவ்விக்கொள்கின்றன. மேல் தாடை மெதுவாக உயர்கிறது. திரையில் ஒரு கோடு வரையப்படுகிறது: எவ்வளவு நீண்டதோ அவ்வளவு வலப்புறம், எவ்வளவு விசை எதிர்த்ததோ அவ்வளவு உயரம். பி.எல்.ஏ.வின் கோடு செங்குத்தாக ஏறும். நீளத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடுவதற்குள் பட்டை படாரென்று இரண்டாகிவிடும்; கோடு அங்கேயே அறுந்து நிற்கும். பாலித்தீன் கோடு உயரமே போகாது. ஆனால் வலப்புறமாக ஓடிக்கொண்டே இருக்கும், பட்டை தன் நீளத்தைப்போல் பல மடங்கு நீண்டு, மெலிந்து, ஒருவழியாக அறும்வரை. கோட்டுக்குக் கீழே அடங்கும் பரப்புதான், உடைவதற்கு முன் அந்தப் பொருள் உள்வாங்கிக்கொண்ட ஆற்றல். அதைத் தாங்குதிறன் என்று வைத்துக்கொள்வோம். உயரமும் அகலமும் இரண்டும் இருந்தால்தான் பரப்பு. பி.எல்.ஏ.வுக்கு உயரம் இருக்கிறது, அகலம் இல்லை.

அந்த ஆற்றல் எங்கே போகிறது என்பதுதான் விஷயமே. பிளாஸ்டிக் வாளியின் கைப்பிடியையோ, பழைய துணிக் கவ்வியையோ வளைத்துப் பாருங்கள். வளைந்த இடம் வெளுக்கும். அந்த வெண்மை எந்தச் சாயமும் இல்லை. உள்ளே எண்ணற்ற நுண்ணிய வெற்றிடங்கள் திறந்து, ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம். ஒவ்வொரு வெற்றிடமும் திறக்கும்போது கொஞ்சம் ஆற்றலைத் தின்கிறது. இப்படிப் பல இலட்சம் இடங்களில் செலவானால், ஒரே இடத்தில் விரிசல் ஓடுவதற்கு மிச்சம் இருக்காது. விரிசல் என்பது ஆற்றல் கணக்கு என்பதை 1921-இல் ஏ.ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் கண்ணாடி இழைகளை உடைத்து உடைத்துக் காட்டினார். புதுப்பரப்பை உண்டாக்க ஆகும் செலவைவிட, விடுபடும் ஆற்றல் அதிகமாக இருக்கும்வரை விரிசல் நிற்காது. பி.எல்.ஏ.வில் அந்த ஆற்றலைத் திசைதிருப்ப ஆள் இல்லை. சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதும் குறைவு, அசைவதும் குறைவு. அதனால் முதல் கீறலே கடைசிக் கீறலாகிறது.

திருத்த வழிகள் தெரியாமல் இல்லை. எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கியைக் கலக்கலாம், சங்கிலிகள் வழுக்கும். ஆனால் காலப்போக்கில் அது கசிந்து வெளியேறும், பிளாஸ்டிக் மறுபடி விறைக்கும். ரப்பர் போன்ற மென்மையான துகள்களைத் தூவலாம். அவை உள்ளே வெடித்து, நான் மேலே சொன்ன வெற்றிடங்களைத் தொடங்கிவைக்கும். துகள் மிகச் சிறிதானால் வெடிக்காது, மிகப் பெரிதானால் அதுவே ஒரு பழுதாகிவிடும். இன்னொரு மக்கும் பிளாஸ்டிக்கான, ரப்பர்போல் நீளும் பி.பி.ஏ.டி.யைக் கலப்பது சந்தையில் அதிகம் நடப்பது. இரண்டும் தாமாக ஒட்டுவதில்லை. நடுவில் கைகோத்து வைக்க இணைப்பான் என்ற ஒரு மூன்றாவது வேதிப்பொருள் தேவை. அப்புறம் எந்த வெப்பத்தில் உருக்கினோம், திருகு எந்த வேகத்தில் சுழன்றது, எவ்வளவு சீக்கிரம் குளிரவைத்தோம், செய்து எத்தனை நாள் ஆனது எல்லாமே முடிவை மாற்றும்.

எட்டு விஷயங்களை மாற்றலாம், ஒவ்வொன்றிலும் ஐந்து அளவுகளைப் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கூட்டுகள் 3,90,625. ஒவ்வொரு கூட்டுக்கும் குறைந்தது ஐந்து பட்டைகளை இழுத்து அறுப்பது வழக்கம், ஏனென்றால் ஒரே உருக்கில் எடுத்த பட்டைகளே ஒன்றுபோல் அறுவதில்லை. ஆக, கிட்டத்தட்ட இருபது இலட்சம் முறிவுகள். ஒரு நாளைக்குப் பத்துக் கூட்டு என்று ஓய்வே இல்லாமல் செய்தாலும் நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆய்வாளர்கள் இதுவரை செய்துவந்தது, மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. சிக்கல் என்னவென்றால் இந்த எட்டும் தனித்தனியாக வேலை செய்வதில்லை. துகளின் அளவு சரியாக இருந்தால்தான் இணைப்பானுக்கு மதிப்பு. இணைப்பான் இருந்தால்தான் துகள் அந்த அளவில் நிற்கும். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பவருக்கு இந்தச் சேர்க்கைகள் கண்ணிலேயே படாது.

இயந்திரக் கற்றல் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஏதோ ஞானதிருஷ்டிபோலப் பேசுகிறார்கள். உண்மையில் அது செய்வது அடக்கமான காரியம். ஆழ்துளைக் கிணறு போட இடம் தேடுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து இடத்தில் துளை போட்டாயிற்று. சில இடத்தில் தண்ணீர், சில இடத்தில் வெறும் பாறைத்தூள். அடுத்த துளையை எங்கே போடுவது? நிறையத் தண்ணீர் வந்த இடத்துக்குப் பக்கத்திலா, யாரும் தொடாத அந்த வடகிழக்கு மூலையிலா? முதலாவது பத்திரம், ஆனால் புதிதாக ஒன்றும் தெரியவராது. இரண்டாவதில் காசு போகலாம், புதையலும் கிடைக்கலாம். பேயசியன் தேடல் என்ற கணித முறை இந்தத் தயக்கத்தை எண்ணாக்குகிறது. இதுவரை உடைத்துப் பார்த்த கூட்டுகளைக் கொண்டு, உடைக்காத ஒவ்வொரு கூட்டுக்கும் இரண்டு எண்கள் தரும்: தாங்குதிறன் எவ்வளவு இருக்கும் என்ற மதிப்பீடு, அந்த மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்ற அளவு. மதிப்பீடு உயர்ந்த இடத்தையும், நம்பிக்கை குறைந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்து அடுத்த சோதனையைச் சொல்லும். முடிவு வந்ததும் எல்லா எண்களும் திருத்தப்படும். தன் அறியாமை எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்வதுதான் இதன் பலம். மனித ஆய்வாளர்களுக்கு அந்தக் கணக்கை நேர்மையாக வைத்துக்கொள்வது கடினம். நமக்குப் பிடித்த கலவையைச் சுற்றியே திரும்பத் திரும்பப் போவோம்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கீத் பிரவுன் குழு இதை மனிதக் கை படாமல் ஓட்டியது. சில முப்பரிமாண அச்சுப்பொறிகள், ஒரு ரோபோ கை, ஒரு தராசு, ஒரு நசுக்கும் பொறி. அச்சான பிளாஸ்டிக் உருளையை ரோபோ எடுத்து எடைபோடும், நசுக்கச் சொல்லும், எவ்வளவு ஆற்றலை விழுங்கியது என்று குறித்துக்கொள்ளும், அடுத்த வடிவத்தைத் தானே தீர்மானித்து அச்சிடும். இங்கே மாறியது வேதியியல் இல்லை, வடிவம். ஆனாலும் தேடப்பட்டது அதே தாங்குதிறன்தான். 2020-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, கட்டம் கட்டமாக எல்லாவற்றையும் சோதிக்கும் முறையோடு ஒப்பிட்டால் தேவைப்பட்ட சோதனைகள் ஏறக்குறைய 60 மடங்கு குறைந்தன. பின்னர் இதே ஏற்பாடு பல்லாயிரக்கணக்கான உருளைகளை நசுக்கி, இதற்கு முன் யாரும் எட்டாத ஆற்றல் உறிஞ்சும் வடிவம் ஒன்றை அடைந்தது. அந்த வடிவத்தை ஒரு பொறியாளர் காகிதத்தில் வரைந்திருக்க மாட்டார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் போ-யென் சென் குழு செய்து, 2024-இல் நேச்சர் நானோடெக்னாலஜி இதழில் வந்த வேலை. அவர்கள் எடுத்துக்கொண்ட நான்கு பொருள்களும் இயற்கையிலிருந்து வருபவை. மரக்கூழிலிருந்து வரும் நுண்ணிய செல்லுலோஸ் இழைகள், மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண்ணின் மெல்லிய ஏடுகள், ஜெலட்டின், கிளிசரின். இழைகள் இழுவையைத் தாங்கும். களிமண் ஏடுகள் விறைப்பும் தீத்தடுப்பும் தரும். ஜெலட்டின் பசை. கிளிசரின் நெளிவு. நான்கையும் தண்ணீரில் கலக்கி, ஊற்றி, காயவைத்தால் ஒரு படலம் கிடைக்கும். நான்கு பெயர்கள்தான், ஆனால் விகிதத்தை மாற்றினால் ஒரு முனையில் கண்ணாடித் தாள், மறுமுனையில் தோல். நடுவே பெரும்பாலான இடங்களில் ஒன்றுக்கும் உதவாத குப்பை: காயும்போதே சுருண்டுகொள்ளும், வெடிக்கும், தட்டிலிருந்து உரிக்க வராது.

முதல் வேலை அந்தக் குப்பையைத் தெரிந்துகொள்வது. சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றும் ஒரு தானியங்கி ரோபோ 286 படலங்களுக்குக் கலவை தயாரித்தது. எது கிழியாமல் உரிந்து தட்டையாக நின்றது, எது நிற்கவில்லை என்று தரம் பிரித்து, அந்தப் பட்டியலைக் கொண்டு ஒரு வகைப்படுத்தும் நிரலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இந்த விகிதத்தில் படலமே வராது, அந்தப் பக்கம் போகாதே என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. எல்லை தெரிந்தபின் அடுத்த கட்டம்: 14 சுற்றுகளாக, ஒவ்வொரு சுற்றிலும் இயந்திரம் கேட்ட கலவைகளைச் செய்து, ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது, தீ எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்று அளந்தார்கள். மொத்தம் 135 படலங்கள். இவ்வளவு சிறிய பள்ளிக்கூடத்தில் ஒரு செயற்கை நரம்பு வலையைப் படிக்கவைப்பது சாதாரண விஷயமல்ல. படம் பார்த்துப் பூனையை அடையாளம் காணும் வலைகளுக்கு இலட்சக்கணக்கில் படங்கள் தேவைப்படும். இங்கே உண்மை அளவுகளைச் சுற்றி, சோதனைப் பிழையின் வரம்புக்குள் கற்பனை அளவுகளையும் சேர்த்துத் தரவைப் பெருக்கிக்கொண்டார்கள்.

படித்து முடித்த வலையிடம் கேள்வியைத் தலைகீழாகக் கேட்கலாம் என்பதில்தான் சுவாரசியம். இந்தக் கலவை எப்படி இருக்கும் என்று கேட்பது பழைய கேள்வி. இவ்வளவு ஒளி ஊடுருவ வேண்டும், இவ்வளவு இழுவை தாங்க வேண்டும், என்ன கலவை போடட்டும் என்பது புதிய கேள்வி. ஒரு தொழிற்சாலைக்காரர் கேட்கிற கேள்வியும் இதுதான். அதற்கு வலை விகிதத்தைச் சொல்ல, செய்துபார்த்தால் படலம் சொன்னதை ஒட்டியே நடந்துகொண்டது.

கலவையை விட்டு மூலக்கூறுக்கே போனால் தேடும் வெளி இன்னும் பெரிது. 1926-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மோரிஸ் லெமுவான், பேசிலஸ் மெகாடீரியம் என்ற பாக்டீரியாவின் உடலுக்குள் பி.எச்.பி. என்ற பாலிமரைக் கண்டார். நாம் கொழுப்புச் சேர்த்துவைப்பதைப்போல அந்த உயிர் பிளாஸ்டிக்கைச் சேர்த்துவைக்கிறது. பசித்தால் அதையே தின்கிறது. மக்கும் குணத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. ஆனால் பி.எச்.பி.யும் நொறுங்கும். வார்த்து எடுத்தபின் அறை வெப்பநிலையில் சும்மா வைத்திருந்தாலே உள்ளே மெல்ல மெல்லப் படிகமாகி, வாரக்கணக்கில் இன்னும் நொறுங்கலாகிறது. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் சங்கிலியில் இன்னொரு அலகைக் கலந்து இதைத் தணித்து, பயோபால் என்று பெயரிட்டது. 1990-இல் ஜெர்மனியில் வெல்லா ஷாம்பு அந்தப் புட்டியில் விற்பனைக்கு வந்தது. விலை கட்டவில்லை.

பாக்டீரியாக்கள் கோக்கத் தெரிந்த அலகுகள் 150-க்கு மேல். எதை எதோடு எந்த விகிதத்தில் சேர்ப்பது என்பது முடிவில்லாத கேள்வி. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் ராம்பி ராம்பிரசாத் குழுவும் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தினரும் சேர்ந்து 2022-இல் ஒரு விடை சொன்னார்கள். முதலில் மூலக்கூறை எண்களாக மாற்ற வேண்டும்: பக்கக் கிளை எவ்வளவு நீளம், வளையம் உண்டா, ஆக்சிஜன் எங்கே என்று ஒவ்வொரு பாலிமருக்கும் ஒரு எண் வரிசை. ஏறக்குறைய 23,000 பாலிமர்களின் சோதனைத் தரவைக் கொண்டு ஒரே வலைக்குப் பல பண்புகளையும் சேர்த்துக் கற்பித்தார்கள். இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. உருகுநிலை போன்ற வெப்ப அளவுகள் ஏராளமாகக் கிடைக்கும். இழுத்து அறுத்த அளவுகள் அரிது. எல்லாவற்றையும் ஒரே வலையில் கற்கும்போது, அதிகம் தெரிந்த பண்பு, குறைவாகத் தெரிந்த பண்புக்குக் கைகொடுக்கிறது. சங்கிலி எவ்வளவு விறைப்பு என்ற செய்தி இரண்டுக்கும் பொதுதானே. பின்னர் பி.எச்.பி.யின் குடும்பமான பி.எச்.ஏ.வில் ஏறக்குறைய 14 இலட்சம் வகைகளைச் சலித்து, 14-ஐ நிறுத்தினார்கள். உலகில் ஆண்டுதோறும் செய்யப்படும் பிளாஸ்டிக்கில் 75 சதவீதம் ஏழே வகைகள். அந்த ஏழுக்கும் மாற்றாகத் தகுதியுள்ளவை என்று இந்த 14-ஐச் சொன்னார்கள். இவை கணிப்புகள். ஒரு பாக்டீரியாவையோ ஒரு வேதியியலாளரையோ சம்மதிக்கவைத்து, கையில் பிடிக்கும் அளவுக்குச் செய்து, இழுத்துப் பார்க்கும்வரை கணிப்புகள்தான்.

இயந்திரம் சில நேரம் நம் உள்ளுணர்வுக்கு நேர் எதிராகப் போகிறது. மக்கும் வகை இல்லையென்றாலும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லத்தான் வேண்டும். பாலிமர் வலைப்பின்னலில் சங்கிலிகளை இணைக்கும் முடிச்சுகளை வேண்டுமென்றே பலவீனமாக வைத்தால், கிழிவதற்கு அதிக ஆற்றல் தேவைப்படும். விரிசல் முனை பலமான சங்கிலிகளை அறுக்காமல் பலவீனமான முடிச்சுகளைத் தேடிப்போகிறது. அப்படிச் சுற்றிப்போவதால் மொத்தத்தில் அதிகமான பிணைப்புகளை அறுக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் ஹெதர் குலிக் குழு, இத்தகைய முடிச்சுக்காக ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மக் குடும்பத்தில் ஏற்கெனவே உலகில் யாரோ எங்கோ செய்து பதிந்துவைத்த 5,000 அளவிலான மூலக்கூறுகளைப் பார்த்தது. சுமார் 400-க்கு மட்டும் கணினியில் முழுக் கணக்கு. மீதிக்கு இயந்திரக் கற்றலின் மதிப்பீடு. அது சுட்டியவற்றில் ஒன்றை டியூக் பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்தபோது, வழக்கமான ஃபெரோசீன் முடிச்சுள்ள பிளாஸ்டிக்கைவிடத் தாங்குதிறன் நான்கு மடங்கு இருந்தது. 2025-இல் வந்த செய்தி இது. முடிச்சைத் தளர்த்தினால் வலை உறுதிப்படும் என்று நம்பி 5,000-ஐயும் கையால் சோதிக்க எந்த மாணவரும் முன்வந்திருக்க மாட்டார்.

இதுவரை பேசியதெல்லாம் உடையாமல் இருப்பதைப் பற்றி. மக்குவது மறுபாதி, அது முதல் பாதியோடு சண்டை போடுகிறது. பிளாஸ்டிக்குக்கு விறைப்பும் வெப்பந்தாங்கும் குணமும் வேண்டுமானால் வேதியியலாளர்கள் கைவைக்கும் முதல் இடம் சங்கிலியின் முதுகெலும்பு: அங்கே பென்சீன் வளையத்தைச் செருகுவார்கள். நுண்ணுயிரின் நொதிக்கு அந்த வளையம் பிடிக்காது. எம்.ஐ.டி.யில் பிராட்லி ஓல்சென் குழு 2023-இல் இதை அளந்தது. தனித்தனியாக 642 பாலியெஸ்டர், பாலிகார்பனேட் வகைகளைச் செய்தார்கள். ஒவ்வொன்றையும் நுண்துகளாக்கி, கூழ்போன்ற ஊடகத்தில் கலந்தால் அது பால்போல் கலங்கி நிற்கும். நடுவில் ஒரு பாக்டீரியாக் கூட்டத்தை வைத்தால், அது பிளாஸ்டிக்கைத் தின்னத் தின்னச் சுற்றிலும் தெளிந்த வட்டம் ஒன்று விரியும். தின்னாவிட்டால் கலங்கல் அப்படியே இருக்கும். கேமரா படம் எடுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பாக்டீரியாவின் பெயர் சூடோமோனாஸ் லெமுவானி, பி.எச்.பி.யைக் கண்ட அதே லெமுவான்தான்.

வந்த விடைகள் கவனிக்கத்தக்கவை. ஒவ்வொரு அலகிலும் உள்ள கார்பன் தொடர் 15-க்குக் குறைவாக இருந்தால் தின்பது எளிது. பக்கக் கிளைகள் குட்டையாக இருப்பது நல்லது. பென்சீன் வளையம் பொதுவாகக் கெடுதல்தான், ஆனால் வளையத்தில் சங்கிலி எந்த மூலைகளில் நுழைந்து வெளியேறுகிறது என்பதைப் பொறுத்து நிலைமை மாறுகிறது: எதிரெதிர் மூலைகளிலோ அடுத்தடுத்த மூலைகளிலோ என்றால் தின்னப்பட வாய்ப்பு உண்டு, ஒன்று விட்டு ஒன்று என்றால் குறைவு. பி.பி.ஏ.டி.யில் இருக்கும் வளையம் எதிரெதிர் மூலை வகை என்பதை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். இந்தத் தரவில் பயின்ற நிரல், வெறும் மூலக்கூறு வடிவத்தைப் பார்த்தே ஒரு பிளாஸ்டிக் மக்குமா என்பதை 82 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. தாங்குதிறனைத் தேடும் இயந்திரத்தோடு இதை இணைத்துவிட்டால், மிக உறுதியான ஆனால் சாகாத பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்துக் கொண்டாடும் அபத்தம் தவிர்க்கப்படும். ஒரே விடைக்குப் பதில் ஒரு விளிம்புக்கோடு கிடைக்கும். அதில் எந்தப் புள்ளியிலும் இன்னும் கொஞ்சம் தாங்குதிறன் வேண்டுமானால் மக்கும் வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். மீன்வலைக்கு ஒரு புள்ளி, தேநீர்ப் பைக்கு வேறொரு புள்ளி.

தடைகள் இல்லாமல் இல்லை. அதில் பெரியது, தாங்குதிறன் மூலக்கூறின் வடிவத்தில் மட்டும் எழுதியிருக்கவில்லை என்பது. ஒரே பி.எல்.ஏ. குருணையை இரண்டு ஆலைகள் உருக்கினால் இரண்டு விதமாக உடையும். ஒரு துளி ஈரம் போதும், உருகும்போதே சங்கிலிகள் வெட்டுப்படும். பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டித் தரவாக்குபவர்கள் தினமும் முட்டிக்கொள்வது இதில்தான்: அறுந்த நீளம் எழுதியிருக்கும், இழுத்த வேகம் எழுதியிருக்காது, கலவை இருக்கும், குளிர்வித்த விதம் இருக்காது. போதாக்குறைக்கு, சரியாக வராத கலவைகளை யாரும் அச்சேற்றுவதில்லை. மேரிலாண்ட் குழுவின் 286-இல் உரியாமல் போன படலங்களும் கணக்கில் ஏறின என்பதால்தான் அந்த நிரலுக்கு எல்லை தெரிந்தது. வெற்றிகளை மட்டும் படித்த இயந்திரம் எல்லாமே வெற்றி என்றுதான் சொல்லும்.

இன்னொரு தடையை ரோபோவாலும் தாண்ட முடியவில்லை: நேரம். ஒரு பட்டையை இழுத்து அறுக்கச் சில நிமிடம் போதும். அது மக்குமா என்று சான்று பெறுவதற்கான ஐரோப்பியத் தரத்தில், 58 டிகிரி வெப்பத்தை ஒட்டி வைத்த உரத்தில் ஆறு மாதத்துக்குள் அதன் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக வெளியேற வேண்டும். ஒரு பக்கம் நிமிடங்களில் பாடம் கிடைக்கிறது, மறுபக்கம் அரையாண்டில். எம்.ஐ.டி.யின் தெளிவு வட்டம் ஒரு குறுக்குவழி. ஆனால் அங்கே இருந்தது ஒரே ஒரு பாக்டீரியா. மண்ணிலும் கடலிலும் ஆயிரக்கணக்கான இனங்கள், மாறும் வெப்பம், மாறும் ஈரம். பி.எல்.ஏ.வே 58 டிகிரி உரத்தில் சில மாதத்தில் போய்விடும், குளிர்ந்த கடல்நீரில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அடுத்த சில ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்கள் பெருக்க வேண்டியது உடைக்கும் பொறிகளை அல்ல, இப்படி விதவிதமான மண்ணையும் நீரையும் அடைத்த சின்னஞ்சிறு குப்பிகளை.